கோர்தோபா: எரிந்தது கொஞ்சம், எரியக்கூடியது ஏராளம்

2025 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கு ஸ்பெயினின் கோர்தோபா நகரில், ‘மெஸ்கித்தா’ என்று ஊரார் அழைக்கும் பள்ளிவாசல்-பேராலயத்திலிருந்து தீ கிளம்பியது. தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. நள்ளிரவுக்குள் தீ கட்டுக்குள் வந்தது. மறுநாளே சுற்றுலாப் பயணிகள் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். பதின்மூன்றாயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரந்த மண்டபத்தில் நேரடியாக எரிந்தது சுமார் 25 சதுர மீட்டர்தான் என்று அறிவித்தார்கள். ஒரு சிற்றாலயத்தின் கூரை முழுதாக விழுந்தது. பக்கத்துச் சிற்றாலயங்களின் பலிபீட அலங்காரங்களில் புகையும் கரியும் படிந்தன.

“பெரிய கண்டம், நல்லவேளையாகத் தப்பியது” என்று ஊர் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு நியாயமானது. ஆனால் அதோடு விஷயத்தை முடித்துவிடுவதுதான் ஆபத்து. தீ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெடிகுண்டு இல்லை, மின்னல் இல்லை, பகைவரும் இல்லை. தரையைப் பெருக்கும் மின்சார இயந்திரம் ஒன்றிலிருந்துதான் தீ தொடங்கியது என்று முதல்கட்டத் தகவல்கள் கூறின. அந்த இயந்திரம் நின்ற இடம், சாமான் போடும் அறையாகப் பயன்பட்டுவந்த ஒரு சிற்றாலயம். பன்னிரண்டு நூற்றாண்டுகளாகப் படையெடுப்பு, உள்நாட்டுப் போர், மதமாற்றம், நிலநடுக்கம் எல்லாவற்றையும் தாண்டி நின்ற கட்டடத்துக்கு, துடைப்பத்துக்குப் பதிலாக வந்த இயந்திரம் உலை வைக்கப் பார்த்தது.

பழைய நகரங்களின் சின்னங்களைப் பெரும்பாலும் விழுத்தாட்டுவது வெறுப்பு என்று நாம் நம்புகிறோம். கோர்தோபாவின் வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. இங்கே இழப்புகள் பெரும்பாலும் வசதியின் பெயரால், அவசரத்தின் பெயரால், முறையான அனுமதியோடு நடந்தவை.

கூரையின் மேலே என்ன இருக்கிறது

இந்தக் கட்டடத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் 25 சதுர மீட்டர் என்ற எண்ணின் பொருள் விளங்கும்.

உமய்யா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டு வாக்கில் இதைக் கட்டத் தொடங்கினார். ரோமானியர்களும் விசிகோத்துகளும் விட்டுச்சென்ற கட்டடங்களிலிருந்து தூண்களை எடுத்து வந்தார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்றின் தலைப்பகுதி ஒரு மாதிரி, மற்றதன் தலைப்பகுதி வேறு மாதிரி. எல்லாம் குட்டையான தூண்கள். அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு அந்த உயரம் போதாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். தூண்களுக்கிடையே குதிரை லாட வடிவில் ஒரு வளைவு, அதற்கு மேலே ஒரு தளம் உயர்த்தி அரைவட்டமாக இன்னொரு வளைவு. சிவப்புச் செங்கல்லும் வெளிர்நிறக் கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டிய அந்த இரட்டை வளைவுகள்தான் இன்று உலகப் புகைப்படங்களில் கோர்தோபாவின் அடையாளம்.

புகைப்படத்தில் விழாத பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு வளைவு வரிசையும் ஒரு சுவரைச் சுமக்கிறது. அந்தச் சுவரின் தலையில் மழைநீர் ஓடும் கால்வாய் இருக்கிறது. இரண்டு கால்வாய்களுக்கு நடுவே மரச்சட்டங்களின் மேல் ஓடு வேய்ந்த இருசாய்வுக் கூரை. இப்படி வரிசை வரிசையாக, நீளநீளமாக, ஒன்றையொன்று ஒட்டிக் கூரைகள். அரசர் மாற மாற மண்டபம் வளர்ந்தது. இரண்டாம் அப்துர் ரஹ்மான் தெற்கே நீட்டினார். இரண்டாம் அல் ஹகம் மேலும் தெற்கே நீட்டி, பைசாந்தியக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மிஹ்ராபை, அதாவது தொழுகைத் திசை காட்டும் மாடத்தை, அமைத்தார். 987 வாக்கில் தளபதி அல் மன்சூர் கிழக்கே எட்டு நடைகளை, அதாவது தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட நீள்பகுதிகளை, சேர்த்தார். 2025இல் எரிந்தது இந்தக் கிழக்குப் பகுதியில்தான்.

இன்று எஞ்சி நிற்கும் தூண்கள் சுமார் 850. அவற்றின் மேல் இருக்கும் மரக்கூரைகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. ஒரு மூலையில் பிடித்த தீ ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் புகுந்துவிட்டால், கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமலே அடுத்த நடைக்குப் போய்விடும். பாரிஸின் நோத்ரதாம் பேராலயத்தில் 2019 ஏப்ரல் 15 அன்று நடந்தது இதுவே. அங்கே கூரை மரங்கள் ஒரே மாலையில் போயின. மீண்டும் கதவைத் திறக்க ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கோர்தோபாவில் தீயை நிறுத்தியது தீயணைப்பு வீரர்களின் வேகம். ஆனால் அவர்களின் தண்ணீரும் ஒரு விலை கேட்டது. சிற்றாலயத்தின் கூரை விழுந்ததற்கு எரிந்தது ஒரு காரணம், அணைக்க ஊற்றிய நீரின் எடை இன்னொரு காரணம் என்று தீயணைப்புத் துறையே சொன்னது. பழைய கட்டடத்தில் தீயணைப்பதும் ஒரு சேதம்தான் என்பது ஸ்பெயினுக்குப் புதிய பாடம் அல்ல. 1966 மே 29 அன்று வடக்கே லியோன் பேராலயத்தின் கூரையை மின்னல் எரித்தது. மரக்கூரை கொழுந்துவிட்டு எரியும்போது, அங்கே சீரமைப்பு வேலைகளைக் கவனித்துவந்த ஆந்த்ரேஸ் செயோவானே, “தண்ணீரைக் குறையுங்கள்” என்று தடுத்தார். கீழிருந்த வளைவுக் கூரையின் கல், நுண்துளைகள் நிறைந்த எடை குறைந்த கல். நீரை உறிஞ்சினால் கனத்துச் சரிந்துவிடும், புகழ்பெற்ற வண்ணக் கண்ணாடிகளையும் இழுத்துக்கொண்டு விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மரம் எரிந்து தீர்ந்தது, கல் கூரை நின்றது, கண்ணாடிகளும் பிழைத்தன. அந்தக் கட்டடத்தின் கல்லை அறிந்த ஒரு மனிதர் அன்று அந்த இடத்தில் இருந்ததுதான் லியோனின் அதிர்ஷ்டம்.

கையெழுத்திட்டு நடந்த இழப்புகள்

1236இல் காஸ்தீலின் மூன்றாம் பெர்னாந்தோ கோர்தோபாவைக் கைப்பற்றினார். பள்ளிவாசலை அவர் இடிக்கவில்லை. மாதா பெயரில் அர்ச்சித்துப் பேராலயம் ஆக்கிக்கொண்டார். அதற்குப் பின் வந்தவர்கள் சிற்றாலயங்களைச் சேர்த்தார்கள், கட்டடத்தின் உடலை ஏறக்குறைய அப்படியே விட்டார்கள். வெற்றிபெற்ற படை செய்யாததை, சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு கட்டுமானத் திட்டம் செய்தது.

1523இல் ஆயர் அலோன்சோ மன்ரிக்கே தூண்காட்டின் நட்டநடுவே சிலுவை வடிவில் ஒரு பெரிய ஆலயத்தை எழுப்பத் தொடங்கினார். ஊர்மன்றம் கொதித்தெழுந்தது. இந்த வேலையில் கைவைக்கும் கொத்தனுக்கும் தச்சனுக்கும் மரண தண்டனை என்று அறிவித்தது. எதிர்த்தவர்களைச் சபை விலக்கம் செய்தார் ஆயர். வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போயிற்று. அவர் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வேலை நடந்தது, 1607 வரை நீண்டது. நேரில் வந்து பார்த்த பேரரசர் பிற்பாடு வருந்தினார் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ இல்லையோ, அகற்றப்பட்ட தூண்களில் ஒன்றுகூட அந்த வருத்தத்தால் திரும்பி வரவில்லை. கிறிஸ்தவ வழிபாடு நிலைத்ததால்தான் மண்டபம் கைவிடப்படாமல் பிழைத்தது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் பயன்பாடு கட்டடத்தைக் காப்பாற்றும் என்பதற்கும், பயன்பாட்டின் பெயரால் எதையும் செய்யலாம் என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

உத்தரங்களின் கதையும் இதே ரகம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய மரக்கூரைகளை மறைத்து, செங்கல்லும் காரையுமாக வளைவுக் கூரைகள் போட்டார்கள். அன்றைய ரசனைக்கு அது சீரமைப்பு. அந்த வேலைகளிலும் பின்வந்த வேலைகளிலும் கழற்றப்பட்ட செதுக்கு வேலைப்பாடுள்ள உத்தரங்களில் சில எங்கெங்கோ போயின. 2006இல் அவற்றில் ஐந்து லண்டன் ஏல நிறுவனமான கிறிஸ்டீஸின் பட்டியலில் தலைகாட்டின. ஸ்பெயின் தரப்பின் எதிர்ப்புக்குப் பிறகு ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. பழுதுபார்க்கும் வேலை நடக்கும் இடத்தில் எது கழிவு, எது பொக்கிஷம் என்று எழுதிவைக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே சான்று.

நகருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் மதீனத்துல் ஸஹ்ரா இருக்கிறது. மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் எழுப்பத் தொடங்கிய அரண்மனை நகரம். 1010 வாக்கில் உள்நாட்டுக் கலகத்தில் சூறையாடப்பட்டது. அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் அது கல் எடுக்கும் இடமாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் அருகிலேயே எழுந்த சான் ஹெரோனிமோ மடாலயத்தின் கற்கள் இங்கிருந்து போனவை. 1911இல் முறையான அகழாய்வு தொடங்கியது. 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் தோண்டிப் பார்த்தது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மிச்சம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. அந்த மண்ணைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட நிலத்தில்தான், சட்டம் தடுத்தும், அனுமதியில்லாத மனைப்பிரிவுகளும் வீடுகளும் வரிசையாக முளைத்தன. ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு அஸ்திவாரமும் படிக்கப்படாத ஏட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்கிறது.

எல்லாவற்றிலும் கசப்பானது செர்காதியா. 1991இல் அதிவேக ரயில் பாதைக்காகத் தோண்டியபோது, ரோமப் பேரரசின் பிற்காலத்தைச் சேர்ந்த மாபெரும் அரண்மனை வளாகம் ஒன்று வெளிப்பட்டது. பேரரசர் மாக்சிமியனுக்காகக் கட்டியதாக இருக்கலாம் என்பது அகழ்ந்த ஆய்வாளர்களின் கருத்து. நூறு மீட்டருக்கு மேல் நீளும் அரைவட்ட நடைக்கூடம் இருந்தது. ஆனால் 1992 ஏப்ரலில் செவியாவில் உலகக் கண்காட்சி திறந்தாக வேண்டும், அதற்குள் மத்ரித்-செவியா ரயில் ஓடியாக வேண்டும். ரயில் ஓடியது. அரண்மனையின் பெரும்பகுதி போயிற்று. எஞ்சியதைக் கோர்தோபா ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே இன்று பார்க்கலாம். ஆயிரத்து எழுநூறு ஆண்டு காத்திருந்த கட்டடத்துக்குக் கூடுதலாக ஓராண்டு கொடுக்க மனம் வரவில்லை.

அதிர்ஷ்டத்தை நம்பலாமா

அதிர்ஷ்டம் காப்பாற்றிய கட்டடமும் இந்த ஊரில் உண்டு. யூதர் தெருவிலுள்ள சிறிய தொழுகைக்கூடம் 1315இல் கட்டப்பட்டது. 1492இல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு அது மருத்துவமனையானது. பிறகு செருப்புத் தைப்போர் சங்கத்தின் கைக்குப் போயிற்று. சுவரெல்லாம் காரை பூசி மறைத்துவிட்டார்கள். 1884இல் அந்தக் காரையில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. அடியில் நுணுக்கமான சுதை வேலைப்பாடும் எபிரேய எழுத்துகளும் தெரிந்தன. அடுத்த ஆண்டே அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. யாரோ ஒருவர் சிக்கனமாகப் பூசிய காரைதான் அந்த எழுத்துகளை நான்கு நூற்றாண்டு காத்தது. இப்படி ஒன்று பிழைத்ததைச் சொல்லி மகிழலாம். பாதுகாப்புக் கொள்கையாக இதை வைத்துக்கொள்ள முடியாது.

ஏனென்றால் அபாயங்கள் கூடிக்கொண்டே போகின்றன. முதலாவது வெயில். 2021 ஆகஸ்ட் 14 அன்று கோர்தோபா மாகாணத்தின் லா ராம்ப்லாவில் 47.6 பாகை செல்சியஸ் பதிவானது. ஸ்பெயின் வானிலைத் துறை ஏற்றுக்கொண்ட தேசிய உச்சம் அது. மெஸ்கித்தாவில் தீப்பிடித்த அந்த வாரமும் நாடு முழுவதும் கடும் வெப்ப அலை வீசிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் ஸ்பெயினின் காடுகள் லட்சக்கணக்கான ஹெக்டேர் எரிந்தன. வெயில் ஏறினால் குளிர்சாதனம் ஏறும், மின்கம்பி ஏறும், மரம் வறளும். மெஸ்கித்தாவின் வெளிச்சுவரும் வாயில்களும் உள்ளூரில் கிடைத்த மென்மையான சுண்ணக் கல்லால் ஆனவை. செதுக்க எளிது, உதிர்வதும் எளிது. ஈரமும் உப்பும் வெயிலும் மாறி மாறித் தாக்கினால் பூவேலைப்பாட்டின் விளிம்பு மாவாக உதிரும். பல வாயில்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது கூட்டம். 2024இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 9.4 கோடிப் பேர். மெஸ்கித்தாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேர் மிதிக்கும் தரையைப் பெருக்கத்தான் இயந்திரம் வேண்டியிருக்கிறது. இயந்திரம் நிற்க இடம் வேண்டியிருக்கிறது. வருமானம் வரும் வழியும் ஆபத்து வரும் வழியும் ஒரே வாசல்தான்.

மூன்றாவது, ஊர் காலியாவது. கோர்தோபாவின் வீட்டு முற்றங்களின் திருவிழா 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 1921இலேயே நகராட்சி முற்றங்களுக்குப் போட்டி வைத்திருக்கிறது. வெள்ளைச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே மாட்டியிருக்கும் பூந்தொட்டிகளுக்கு, நீண்ட மூங்கில் கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். கோடையில் இதுவே அன்றாடம் பல மணி நேர வேலை. அந்த வேலையைச் செய்ய வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும். முதியவர்கள் போய், வீடு பயணிகளுக்கான நாள் வாடகை விடுதியாக மாறினால், மே மாதத்தில் தொட்டிகளை வாடகைக்கு வாங்கி அலங்கரிக்கலாம். அப்போது அது முற்றம் அல்ல, காட்சி அரங்கம். ஆள் குடியிருக்கும் தெருவில் புகை வந்தால் அண்டை வீட்டார் கூப்பிடுவார்கள். ஆளில்லாத தெருவில் சாவிப்பெட்டிதான் இருக்கும்.

பொறுப்பு யாருக்கு

மெஸ்கித்தாவைப் பேராலயக் குருக்கள் குழு நிர்வகிக்கிறது. 2006இல் மறைமாவட்டம் அதைத் தன் பெயரில் சொத்துப் பதிவு செய்தது. பதிவுக் கட்டணம் 30 யூரோ என்று செய்தி வந்தபோது நாடே பேசியது. தேவாலயங்கள் அப்படித் தாமே பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்த சட்டப்பிரிவு 2015இல் நீக்கப்பட்டது. இது பொதுச்சொத்து என்று வாதிடும் குடிமக்கள் அமைப்புகள் இன்றும் போராடுகின்றன. இன்னொரு பக்கம் 1985ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டம் உரிமையாளருக்குப் பராமரிப்புக் கடமையையும் அரசுக்குக் கண்காணிப்பு அதிகாரத்தையும் தந்திருக்கிறது. அந்தலூசிய மாநில அரசு இருக்கிறது, நகராட்சி இருக்கிறது, யுனெஸ்கோ இருக்கிறது.

இத்தனை பேர் இருக்கும்போது ஒரு சிற்றாலயத்துக்குள் இயந்திரம் நிறுத்துவது யார் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும்? உரிமை யாருக்கு என்ற வழக்கு முக்கியமானதுதான். ஆனால் எந்த அறையில் எதை வைக்கலாம் என்ற சின்னக் கேள்வியை அது விழுங்கிவிடக் கூடாது. தீக்கு உரிமைப் பத்திரம் பற்றிக் கவலையில்லை.

செய்ய வேண்டியவை புதிதல்ல, விலை அதிகமும் அல்ல. மின்னேற்றம் தேவைப்படும் எந்தப் பொருளும் மரக்கூரையின் கீழ் இரவில் இருக்கக் கூடாது. அதற்குக் கட்டடத்துக்கு வெளியே தனிக் கொட்டகை வேண்டும். கூரைகளின் உள்வெளியில் தீ தாண்டாதபடி தடுப்புகள் வேண்டும், புகை உணர்விகள் அங்கேயும் வேண்டும். எந்தக் கூரை எவ்வளவு நீர் தாங்கும், எங்கே நுரை, எங்கே நீர்த்திவலை என்பது முன்கூட்டியே எழுதித் தீயணைப்பு நிலையத்தில் இருக்க வேண்டும். லியோனில் ஒருவர் தலையில் இருந்த அறிவு தாளில் ஏற வேண்டும். பற்றவைப்பு வேலைக்குத் தனி அனுமதியும் வேலை முடிந்தபின் பல மணி நேரக் காவலும் கட்டாயமாக வேண்டும். 1994 ஜனவரி 31 அன்று பார்சலோனாவின் லிசேயு இசையரங்கைச் சாம்பலாக்கியது, பழுதுபார்க்க வந்தவர்களின் கருவியிலிருந்து தெறித்த பொறிதான். கழற்றும் ஒவ்வொரு மரத்துக்கும் ஓட்டுக்கும் எண்ணும் பதிவும் வேண்டும்.

கோர்தோபாவுக்குப் போகிற வாசகர்கள் மிஹ்ராபின் பொன்னிறத்தை வியக்கட்டும், வளைவுகளைப் படம் பிடிக்கட்டும். கூடவே, பூட்டிய கம்பிக் கதவுகளுக்குப் பின்னால் என்ன அடுக்கியிருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்க்கட்டும். நாற்காலிக் குவியலோ ஒலிபெருக்கியோ நீட்டிப்புக் கம்பியோ கண்ணில் பட்டால் அங்கிருக்கும் பணியாளரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு 20 லட்சம் பேர் கேட்கும் கேள்வியை எந்த நிர்வாகமும் அலட்சியம் செய்ய முடியாது.

இந்தக் கட்டடத்தைக் காக்க இன்னொரு பேரரசரின் தீர்ப்புத் தேவையில்லை. ஒவ்வொரு இரவும் கதவைப் பூட்டுமுன் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்து, மின்னிணைப்பைத் துண்டித்து, பேரேட்டில் கையெழுத்திடும் ஓர் ஊழியரும், அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்கும் ஓர் அதிகாரியும் இருந்தால் போதும். அந்த இரண்டு பேர் இல்லாத வரை, 2025 ஆகஸ்ட் 8 முடிந்துபோன விபத்து அல்ல, ஒத்திகை.